திரையில் பாடம், தொலைபேசியில் ஒரு குரல்

'மேலாளருக்கு வணக்கம் சொன்னேன், அவர் திரும்பிப் பார்க்கவில்லை. என்மேல் கோபமாக இருக்கிறார். வேலை போய்விடும்.'

மனச்சோர்வில் இருப்பவருக்கு இந்த மூன்றும் ஒரே மூச்சில் வந்துவிடும். முதலாவது நடந்தது, மற்ற இரண்டும் நினைத்தது. இந்த வேறுபாட்டைப் பார்க்கப் பழக்குவது அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையின் ஒரு முக்கிய வேலை. 1960களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரோன் பெக் வகுத்த முறை அது. பாடம், பயிற்சி, வீட்டுப்பாடம் என்று படிப்படியாகப் போவதால் அதை இணையத்தில் ஏற்றுவதும் கைகூடியது. மனதில் ஓடியதை எழுது, வருத்தம் நூற்றுக்கு எவ்வளவு என்று குறி, அந்த எண்ணத்துக்கு என்ன ஆதாரம், வேறு காரணம் இருக்கக்கூடுமா என்று பார், பிறகு வருத்தத்தை மறுபடி அளந்து பார். மேலாளருக்கு அன்று வேறு கவலை இருந்திருக்கலாம் அல்லவா?

ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஹெலன் கிறிஸ்டென்சனும் கேத்லீன் கிரிஃபித்ஸும் இந்த வழியில் உருவாக்கிய 'மூட்ஜிம்' என்ற இணையப் படிப்பு 2001-ல் வந்தது. 525 பேரிடம் நடத்திய ஆய்வில் அதைப் படித்தவர்களுக்கு மனச்சோர்வு குறைந்ததாக 2004-ல் முடிவு வெளியானது. அந்த ஆய்வில் வாரந்தோறும் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, அந்த வாரம் செய்ய வேண்டியதைச் சொல்லிவந்தார்.

2015-ல் பிரிட்டனிலிருந்து வந்த செய்தி சோர்வளித்தது. யார்க் பல்கலைக்கழகத்தின் சைமன் கில்போடி குழு, குடும்ப மருத்துவர்களிடம் வந்த 691 நோயாளிகளிடம் மூட்ஜிம்மையும் இன்னொரு படிப்பையும் சோதித்தது. வழக்கமான சிகிச்சையோடு இவற்றைச் சேர்த்ததால் கூடுதல் பலன் எதுவும் தெரியவில்லை. மூட்ஜிம் கிடைத்தவர்களில் பாதிப் பேர் ஒரு பாடத்தைக்கூடத் தாண்டவில்லை.

இதற்கு நோயாளிகளைக் குறை சொல்வது அநியாயம். எதிலும் நாட்டமில்லாமல் போவது இந்த நோயின் தலையாய அறிகுறிகளில் ஒன்று. படுக்கையை விட்டு எழவே தெம்பில்லாதவரிடம் ஒரு கடவுச்சொல்லைக் கொடுத்து, நீங்களாகவே படித்து முடியுங்கள் என்றால் எப்படி முடியும்?

அதே குழு பிறகு 369 பேரிடம், பயிற்சி பெற்றவர்கள் தொலைபேசியில் துணைநிற்க, மூட்ஜிம்மை மறுபடி சோதித்தது. இந்தத் துணை இல்லாதவர்களைவிட இவர்களிடம் நான்கு மாதத்தில் நல்ல மாற்றம் தெரிந்தது. ஓராண்டில் அந்த வித்தியாசம் மங்கியது. 2021-ல் 39 ஆய்வுகளின் தரவுகளை ஒன்றுசேர்த்து அலசியபோது விஷயம் இன்னும் தெளிவானது. லேசான சோர்வுள்ளவர்கள் தனியாகப் படித்தாலும் துணையோடு படிப்பவர்கள் பெறும் பலனையே ஏறத்தாழப் பெறுகிறார்கள். சோர்வு கூடக்கூட, துணைக்கு ஒருவர் இருப்பது அவசியமாகிறது.

அந்தத் துணை மருத்துவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் 'ஸ்டெப் பை ஸ்டெப்' படிப்பு லெபனானில் சிரிய அகதிகளிடமும் உள்ளூர் மக்களிடமும் சோதிக்கப்பட்டது. தங்களைப் போலவே துவண்டு மீண்ட ஒருவரின் கதையைப் படங்களோடு கைபேசியில் பார்த்து, இந்த வாரம் செய்யப்போகும் ஒரு சின்ன வேலையை அவர்களே தேர்ந்தெடுத்தார்கள். நிபுணர் அல்லாத, பயிற்சி மட்டும் பெற்ற உதவியாளர் வாரம் சுமார் கால்மணி நேரம் பேசினார். இரு தரப்பினருக்கும் மனச்சோர்வு குறைந்தது.

ஆகவே இப்படி ஒரு படிப்பில் சேருமுன், வாரம் ஒருமுறை நம்மைக் கூப்பிட்டு விசாரிக்க ஆள் உண்டா என்று கேட்பது நல்லது. உயிரை விட்டுவிடலாமா என்ற எண்ணம் வந்துவிட்டால் எந்தப் பாடத்துக்கும் காத்திருக்கக் கூடாது. இந்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலிமானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.