ஒரே மாத்திரை, வேறு வேறு உடம்பு

ஒரு வீட்டில் ஒரு தாயும் மகளும் இருந்தார்கள். மகளுக்கு மனச்சிதைவு நோய் வந்தது. யாரோ பேசுவது போல அவள் காதில் குரல் கேட்கும். இரவில் தூக்கம் இல்லை. அம்மா அவளை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனாள். டாக்டர் ஓலன்சபின் என்ற மாத்திரை கொடுத்தார். நோய் தணிந்தது. மகள் மறுபடியும் தையல் வேலைக்குப் போனாள்.

ஆனால் மூன்று மாதத்தில் அவளுக்கு 9 கிலோ எடை கூடிவிட்டது. பழைய ரவிக்கை எதுவும் போட முடியவில்லை. தெருவில் கேலி பேசினார்கள். "தின்று தின்று இப்படி ஆகிவிட்டாயே!" என்று அம்மாவும் திட்டினாள்.

மகள் என்ன செய்தாள் தெரியுமா? யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிட்டாள். சில வாரங்களில் நோய் திரும்பி வந்தது.

அம்மா டாக்டரிடம் ஓடினாள். "பக்கத்துத் தெருப் பெண்ணும் இதே மாத்திரைதான் சாப்பிடுகிறாள். அவள் பருக்கவில்லையே ஐயா! என் மகள் மட்டும் ஏன்?" என்று கேட்டாள்.

"உங்கள் மகள் மேல் தப்பு இல்லை அம்மா" என்றார் டாக்டர். பிறகு விளக்கமாகச் சொன்னார். நாமும் தெரிந்துகொள்வோம்.

பசி ஏன் கூடுகிறது?

வயிறு நிறைந்ததும் 'போதும்' என்று சொல்வது மூளை. செரட்டோனின், ஹிஸ்டமின் என்ற பொருள்கள் மூளைக்குள் இந்தச் செய்தியைக் கொண்டுபோகின்றன. சில மாத்திரைகள் நோயைக் குறைக்கும்போதே, இந்தச் செய்தி போகும் வாசலையும் அடைத்துவிடுகின்றன. அதனால் சாப்பிட்ட பிறகும் பசிக்கிறது. தூக்கக் கலக்கமும் இருப்பதால் நடமாட்டம் குறைகிறது. எடை ஏறுகிறது.

எல்லா மாத்திரையும் ஒன்று போல இல்லை. குளோசபின், ஓலன்சபின் இரண்டும் எடையை அதிகம் கூட்டும். ரிஸ்பெரிடோன் நடுத்தரம். ஹாலோபெரிடால், அரிபிபிரசோல் குறைவாகக் கூட்டும்.

ஒருவருக்கு மட்டும் ஏன் அதிகம்?

ஒரே வயலில் இரண்டு வகை நெல் விதைக்கிறோம். ஒரே உரம் போடுகிறோம். ஒரே தண்ணீர் பாய்ச்சுகிறோம். ஆனாலும் ஒன்று உயரமாக வளர்கிறது. மற்றொன்று குட்டையாக நிற்கிறது. விதை வேறு, வளர்ச்சி வேறு.

நம் உடம்பிலும் அப்படித்தான். தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் நமக்கு மரபணுக்கள் வருகின்றன. நம் நிறம், உயரம், முடி போன்றவற்றை அவை பெருமளவு முடிவு செய்கின்றன. ஒரு மருந்தை உடம்பு எப்படி ஏற்கும் என்பதிலும் அவற்றுக்குப் பங்கு உண்டு.

2002-ஆம் ஆண்டு ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. சீனாவில் புதிதாக மருந்து எடுத்த நோயாளிகளைக் கவனித்தார்கள். செரட்டோனின் வாசலை அமைக்கும் மரபணுவில் சிலருக்கு ஒரு சிறு மாற்றம் இருந்தது. அவர்களுக்கு எடை குறைவாகவே கூடியது.

2012-இல் வேறு ஓர் ஆராய்ச்சி வந்தது. பசியை அடக்கும் ஒரு மரபணுவின் அருகில் உள்ள மாற்றத்தைப் பார்த்தார்கள். அந்த மாற்றம் தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்திருந்தால் எடை மிக அதிகமாகக் கூடியது.

இப்படிப் பல மரபணுக்கள் சேர்ந்து வேலை செய்கின்றன. ஆகவே ஒரு மரபணுவை மட்டும் சோதித்து, 'இவருக்கு எடை கூடும்' என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் எடை பார்க்கும் மெஷின் சரியாகச் சொல்லிவிடும்.

மரபணு தலையெழுத்து அல்ல

எடை கூடினால் சர்க்கரை நோய், இதய நோய் வரலாம். ஆனால் நாம் முன்கூட்டியே தடுக்க முடியும்.

1. மாத்திரை தொடங்கும் அன்றே எடை பாருங்கள். முதல் சில வாரங்கள் வாரம் ஒரு முறை பாருங்கள். நோட்டில் எழுதி வையுங்கள்.
2. முதல் மாதத்திலேயே எடை வேகமாக ஏறினால் காத்திருக்க வேண்டாம். உடனே டாக்டரிடம் சொல்லுங்கள்.
3. குடும்பத்தில் யாருக்காவது சர்க்கரை நோயோ அதிக எடையோ இருந்தால் அதையும் சொல்லுங்கள்.
4. இரத்தத்தில் சர்க்கரை, கொழுப்பு அளவைச் சோதித்துக்கொள்ளுங்கள்.
5. பசித்தால் காய்கறி, சுண்டல், மோர் சாப்பிடுங்கள். இனிப்பையும் பலகாரத்தையும் குறையுங்கள். தினமும் நடங்கள்.
6. மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். மருந்தை மாற்றவும், எடையைக் குறைக்க வேறு மருந்து சேர்க்கவும் டாக்டரால் முடியும்.

மனநலம் பற்றிச் சந்தேகம் இருந்தால் 14416 என்ற எண்ணுக்கு இலவசமாகப் பேசலாம். மத்திய அரசின் டெலி மானஸ் என்ற இந்தச் சேவை 2022-இல் தொடங்கியது. தமிழிலும் பேசலாம்.

அந்த மகள் இப்போது எப்படி இருக்கிறாள்? டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாக மாத்திரையை மாற்றினார். நோய் மறுபடியும் தணிந்தது. மாலையில் தாயும் மகளும் சேர்ந்து நடக்கிறார்கள். வாரம் ஒரு நாள் மகள் எடை பார்க்கிறாள். அம்மா அதைத் தன் கையாலேயே நோட்டில் எழுதுகிறாள். இப்போது அவள் மகளைத் திட்டுவதில்லை.

பேசிப் பாருங்கள்

மகள் ஏன் மாத்திரையை நிறுத்தினாள்?
அம்மா முதலிலேயே என்ன செய்திருக்கலாம்?
உங்கள் ஊரில் மாத்திரையால் பருத்தவரை யாராவது கேலி செய்தால் நீங்கள் என்ன சொல்வீர்கள்?