தோணிப் போட்டியில் ஏமாற்ற இயலுமா?

பள்ளி விளையாட்டு விழா நெருங்கிவிட்டால் நாம் இரு பொருள்களின் மீது கண் வைக்கத் தொடங்குவோம். ஒன்று கரண்டி, மற்றொன்று சாக்கு. எலுமிச்சம்பழம் விழாதிருக்கக் கரண்டியில் சுவிங்கம் ஒட்டுவோரும், கால் வெளியே வருமாறு சாக்கின் மூலையைக் கத்தரிப்போரும் எக்காலத்தும் உண்டு. அவர்களைக் கண்டிப்பது நம் கடமையே. எனினும் அவர்தம் கற்பனையை உள்ளூர வியவாமல் இருக்கவும் முடிவதில்லை. இத்தகைய குறும்பர்களைத் தோணிப் போட்டிக்கு அனுப்பினால் என்ன ஆகும் என்பதை இங்கே ஆராய்வோம்.

நாம் கூற வந்தது ஸ்லாலம் எனப்படும் தோணிப் போட்டியாகும். கோத்தா திங்கி அருவியின் கீழ் நின்றவர்கள், பாறைகளுக்கிடையே பாயும் நீர் ஓர் ஆளை எவ்வளவு எளிதாகத் தள்ளிவிடும் என்பதை அறிவர். அத்தகைய நீரில் போட்டியாளர் ஒருவர்பின் ஒருவராகத் தனித்தனியே தோணி ஓட்டி வரவேண்டும். ஆற்றின் குறுக்கே கட்டிய கம்பிகளிலிருந்து கோல்கள் இணையிணையாகத் தொங்கும். ஓர் இணை ஒரு வாயில். மொத்தம் 18 முதல் 25 வாயில்கள் வரை இருக்கும். பச்சையும் வெள்ளையுமான கோல்களுக்கிடையே நீரோட்டத்தோடு செல்லவேண்டும். சிவப்பும் வெள்ளையுமான கோல்களுக்கிடையே நீரோட்டத்தை எதிர்த்து ஏறவேண்டும். கோலைத் தொட்டுவிட்டால் நேரக் கணக்கில் 2 வினாடி கூட்டப்படும். வாயிலைத் தவறவிட்டாலோ 50 வினாடி! ஏறத்தாழ ஒன்றரை நிமிடத்தில் முடியும் போட்டியில் 50 வினாடி என்பது தோல்விக்கு மறுபெயர் எனலாம்.

பனிச்சறுக்கு விளையாட்டை முன்மாதிரியாகக் கொண்டு 1933ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தில் தொடங்கிய இப்போட்டி, 1972இல் ஒலிம்பிக்கில் இடம்பெற்றது. இந்தியாவில் 2023ஆம் ஆண்டு இளையோர் விளையாட்டு விழாவின்போது மத்தியப் பிரதேசத்து மகேசுவரத்தில், நருமதை ஆற்றில் இது நடைபெற்றது.

நிற்க. "இதில் எவ்வாறு ஏமாற்றலாம்?" என்று மாணவர் சிலரிடம் வினவினோம். விடைகள் மழையெனப் பொழிந்தன. தோணியைப் பாதியாக வெட்டிவிட்டால் எளிதாகத் திரும்பலாம் என்றான் ஒருவன். நல்ல எண்ணந்தான், ஆயினும் ஒருவர் செல்லும் தோணி 3.5 மீட்டருக்குக் குறையாத நீளமும் 60 சென்டிமீட்டருக்குக் குறையாத அகலமும் உடையதாக இருத்தல் வேண்டும் என்பது விதி. குறைந்த அளவு எடையும் விதிக்கப்பட்டுள்ளது. "அப்படியானால் மெல்லிய தோணிக்குள் ஐஸ்கட்டியை ஒளித்துவைத்து நிறுவையில் காட்டுவோம், பிறகு அது உருகி ஓடிவிடும்" என்றாள் ஒரு மாணவி. இந்த விடைக்கு மதிப்பெண் வழங்கலாமா என்று நாம் சிறிது நேரம் தயங்கினோம். ஆனால் போட்டி முடிந்து கரையேறிய பின்னரும் தோணியை நிறுத்துப் பார்ப்பர். பால் நிறுக்கும் கொட்டகையை அறிந்த பெற்றோர்க்கு இது புதிதன்று. வாளியில் நீர் கலந்திருந்தால் மெட்ரோலாக் காட்டிக்கொடுத்துவிடும். நிறுப்பவரின் தராசும் நேராக நிற்கவேண்டும் என்பது வேறு செய்தி.

கரையில் ஒரு நண்பனை மறைத்து வைத்து, தூண்டில் நரம்பினால் கோலை விலக்கச் செய்யலாம் என்பது அடுத்த யோசனை. வாயில்களைக் கவனிப்பதற்கென்றே நடுவர்கள் இருக்கின்றனர், ஒளிப்பதிவும் உண்டு. போட்டியாளர் தாமே வேண்டுமென்று கோலைத் தள்ளிவிட்டு நுழைந்தாலும் 50 வினாடி தண்டனை. தலைகீழாகக் கவிழ்ந்து, தலை நீருக்குள் இருக்க வாயிலைக் கடந்தால் கோலில் படாதன்றோ? அதற்கும் 50 வினாடியே. இவ்விதிகளைப் படிக்கும்போது, நம் மாணவர்க்கு முன்பே எவரோ இவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்திருக்கிறார் என்பது புலனாகிறது.

ஒரு தந்திரத்தை மட்டும் விதி தடுக்கவில்லை. போட்டியாளரின் தலை முழுவதும், தோணியின் ஒரு பகுதியும் கோல்களுக்கிடையே சென்றால் போதும். கோல்களின் நுனி நீருக்கு மேல் சுமார் 20 சென்டிமீட்டர் உயரத்தில் நிற்பதால், தோணியின் மெல்லிய வாலைக் கோலின் அடியில் நழுவவிட்டுத் திரும்புவோர் உண்டு. இது திறமையே என்பது நம் கருத்து.

இரட்டையர் முறையைப் பலரும் கூறினர். அண்ணன் மேலே தொடங்கி வளைவில் ஒளிந்துகொள்ள, தம்பி கீழே களைப்பின்றி முடிக்கவேண்டுமாம். இதை மெய்யாகவே செய்து பார்த்தவர்கள் உளர், தோணியில் அன்று, ஓட்டத்தில். தென்னாப்பிரிக்காவில் 1999ஆம் ஆண்டு நடந்த காம்ரேட்ஸ் நெடுந்தூர ஓட்டத்தில், உருவம் ஒத்த சகோதரர் இருவர் வழியிலிருந்த கழிவறைக்குள் புகுந்து உடை மாற்றி, மாறி மாறி ஓடினர். ஒன்பதாம் இடமும் கிடைத்தது. பின்னர்ப் புகைப்படங்களை ஒப்பிட்டபோது, கைக்கடிகாரம் ஒரு படத்தில் ஒரு கையிலும் மற்றொரு படத்தில் மறு கையிலும் இருந்தது! சட்டையை மாற்றியவர்கள் கடிகாரத்தை மறந்தனர். தோணி உலகின் புகழ்மிக்க இரட்டையரோ சுலோவாக்கியாவின் ஹோக்ஷோர்னர் சகோதரர்கள். அவர்கள் ஒளியவில்லை, ஒரே தோணியில் இருவருமாக அமர்ந்து 2000, 2004, 2008 ஆகிய மூன்று ஒலிம்பிக்கிலும் தங்கம் வென்றனர்.

குறுக்கு வழியும் நமக்குத் தொலைவிலுள்ள கதையன்று. 2013ஆம் ஆண்டு சிங்கப்பூர் மாரத்தானில், வழியின் பெரும்பகுதியை ஓடாத ஒருவர் உள்ளூர் ஆடவருள் முதல்வராக எல்லைக்கோட்டைக் கடந்தார். இடையிலுள்ள சோதனை இடங்களில் அவர் பதிவாகாததால் தகுதி நீக்கப்பட்டார். இயந்திரத்தை ஒளித்துவைக்கும் எண்ணமும் பழையதே. 2016இல் பெல்ஜியத்தில் நடந்த சைக்கிள் போட்டியொன்றில், ஒரு சைக்கிளின் சட்டத்துக்குள்ளேயே மோட்டார் கண்டுபிடிக்கப்பட்டது.

இனி நாம் சொல்லவிருப்பது ஏமாற்றா, இல்லையா என்று நீங்களே கூறுங்கள். 1972 ஒலிம்பிக்கிற்காக மேற்கு ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் தோணிப் போட்டிக்கென்றே ஒரு செயற்கைக் கால்வாய் அமைக்கப்பட்டது. அதனைக் கண்டு வந்த கிழக்கு ஜெர்மானியர், தம் நாட்டில் சுவிக்காவ் என்னுமிடத்தில் அதேபோன்ற கால்வாய் ஒன்றைக் கட்டிக்கொண்டு பயிற்சி செய்தனர். எந்தச் சுழல் எப்பக்கம் இழுக்கும் என்பது அவர்களுக்கு மனப்பாடமாயிற்று. விளைவு? அவ்வாண்டு நடந்த நான்கு தோணிப் போட்டிகளிலும் தங்கப்பதக்கம் கிழக்கு ஜெர்மனிக்கே கிடைத்தது. அவர்கள் கோலை நகர்த்தவில்லை, தோணியைக் குறுக்கவில்லை, எந்த விதியும் மீறப்படவில்லை. போட்டியை நடத்திய நாட்டினர் மனம் கசந்திருக்கக்கூடும். நாமோ இதனை உழைப்பென்றே கொள்வோம். தேர்வு மண்டபத்தின் ஒவ்வொரு மூலையையும் அறிந்திருந்தனரே தவிர, வினாத்தாளை அவர்கள் முன்கூட்டிப் பார்க்கவில்லை. ஏனெனில் வாயில்கள் எங்கெங்கே தொங்கும் என்பது போட்டிக்குச் சற்று முன்னரே முடிவு செய்யப்படும். அதன்பின் போட்டியாளர்கள் கரையோரமாக நடந்து பார்த்துக்கொள்ளலாம். தோணியை நீரில் இறக்கிப் பழகிப் பார்க்க அனுமதி இல்லை.