மைட்டோகாண்ட்ரியா போடும் கடிதம்

விளம்பரத்தில் வரும் அந்த மாட்ஸ்-சி ஊசியை வாங்கலாமா என்றுதானே கேட்கிறீர்கள் சார்? டீயைக் குடியுங்கள், சொல்கிறேன்.

நாம் உட்கார்ந்திருக்கும் இந்தப் புனே ராஸ்தா பேட்டையிலேயே கேஇஎம் ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்குள்ள டாக்டர் யாக்னிக், 2004-ல் தன் படத்தையும் லண்டன் நண்பர் யுட்கினின் படத்தையும் 'லான்செட்' இதழில் ஒன்றாகப் போட்டார். இருவருக்கும் பிஎம்ஐ ஒன்றேதான், 22.3. உடம்பில் கொழுப்பு? லண்டன்காரருக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2! உங்களையும் என்னையும் போல, பார்வைக்கு ஒல்லி. சர்க்கரையும் மாரடைப்பும் நம் ஊர்க்காரர்களுக்குச் சீக்கிரமே வருவதில் இந்த மறைந்த கொழுப்புக்கும் பங்குண்டு.

கொழுப்பை எரித்துச் சக்தியாக்கும் இடம் மைட்டோகாண்ட்ரியா. ஓயாமல் துடிக்கும் இதயத்தின் தசைச் செல்லில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இடம் அதற்குத்தான். அதற்குத் தனி டிஎன்ஏ உண்டு: 16,569 எழுத்துகள், 37 மரபணுக்கள். அதிலிருந்து வருவது 13 புரதங்கள் மட்டுமே என்றுதான் பாடப்புத்தகம் சொன்னது. 2001-ல் ஜப்பானியர்கள் 24 அமினோ அமிலமே கொண்ட 'ஹியூமனின்' என்ற துண்டுப் புரதத்தைக் கண்டார்கள். தேடியது அல்சைமர் நோயாளியின் மூளையில். அதன் குறிப்போ மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவில் இருந்தது. 2015-ல் கலிபோர்னியாவில், அதே டிஎன்ஏவிலிருந்து 16 அமினோ அமிலத்தில் நீங்கள் கேட்ட மாட்ஸ்-சியைக் கண்டார்கள். வெறும் கொதிகலன் என்று நினைத்திருந்த மைட்டோகாண்ட்ரியா, செல்லுக்குக் கடிதமும் போடுகிறது!

ரத்தக்குழாயின் உள்தோல் கெட்ட கொழுப்பால் புண்ணாகும்போது, செல்கள் சாகாமல் ஹியூமனின் தாங்கிப் பிடிக்கிறது. மாரடைப்பு உண்டாக்கிய எலிகளுக்கு அதன் மாற்றுவடிவத்தைக் கொடுத்தபோது இதயத்தில் சேதம் குறைந்தது. மாட்ஸ்-சி, ஏஎம்பிகே என்ற எரிபொருள் உணரியைத் தட்டி எழுப்புகிறது. தசை சர்க்கரையை இழுத்துக்கொள்கிறது. இதயக் குழாய்கள் சரியாக விரியாதவர்களின் ரத்தத்தில் மாட்ஸ்-சி குறைவாக இருந்ததாக 2018-ல் ஓர் ஆய்வு வந்தது. குறைந்ததால் நோயா, நோயால் குறைந்ததா? அந்த ஆய்வை வைத்துச் சொல்ல முடியாது. விளம்பரக்காரர்கள் இந்த இடத்தைத்தான் நைசாகத் தாண்டிவிடுகிறார்கள்.

இன்னோர் ஆய்வில் இளைஞர்களைச் சைக்கிள் மிதிக்கவைத்துப் பார்த்தார்கள். தசையிலும் ரத்தத்திலும் மாட்ஸ்-சி தானாகவே ஏறியது. ஊசியோ இதயநோய்க்கு மருந்தாக அங்கீகாரம் பெறாத சரக்கு. விளையாட்டு வீரர்கள் போட்டுக்கொண்டால் ஊக்கமருந்துக் குற்றம்.

வாங்காதீர்கள் சார். இந்த வாரமே இடுப்பளவு, பிரஷர், சர்க்கரை, கொலஸ்ட்ரால் நான்கையும் பார்த்துவிடுங்கள். டாக்டர் சரி என்றால் பர்வதி மலைப் படியேறுங்கள், நானும் வருகிறேன்.