ஐந்தடிப் பாரும் திருத்தச் சமிக்ஞையும்

திருத்தணி வட்டாரத்துக் கரும்பு, திருவாலங்காட்டிலுள்ள கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்குச் செல்கிறது. கரும்பை இயந்திரம் கொண்டு அறுக்க வேண்டுமானால் பாருக்குப் பார் ஏறத்தாழ ஐந்தடி இடைவெளி வேண்டும். அப்படிப் பார் பிடிக்க டிராக்டருக்கு வழிகாட்டும் சாதாரண ஜி.பி.எஸ். கருவி காட்டும் இடமோ மூன்று முதல் ஐந்து மீட்டர் வரை விலகக்கூடியது என்பதால், அதை மட்டும் நம்பி டிராக்டரை ஓட்டினால் இரண்டு மூன்று பார் தள்ளிப்போய்விடும்.

ஏறத்தாழ 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோளிலிருந்து சமிக்ஞை வந்துசேர எடுத்த நேரத்தைக் கொண்டே கருவி தூரத்தைக் கணக்கிடுகிறது. நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு பிசகினாலும் தூரம் 30 செ.மீ. மாறிவிடும். செயற்கைக்கோளின் கடிகாரத்திலும் சுற்றுப்பாதைக் கணிப்பிலும் உள்ள சிறு பிழைகளோடு, வானின் மேலடுக்கில் மின்னேற்றம் பெற்ற துகள்கள் நிறைந்த அயனி மண்டலம் சமிக்ஞையைத் தாமதப்படுத்துவதும் சேர்ந்துகொள்கிறது. புவிகாந்த நடுக்கோடு தென்கோடித் தமிழகத்தை ஒட்டிச் செல்வதால் இந்த அடுக்கின் கொந்தளிப்பு இங்கு மிகுதி. பொழுது சாய்ந்தபின் சில இரவுகளில் சமிக்ஞை அறுபடுவதும் உண்டு.

இந்தப் பிழைகளைக் களைய, துல்லியமாக அளக்கப்பட்ட ஓரிடத்தில் நிலையாக நிறுத்தப்படும் ஏற்பி (சமிக்ஞை வாங்கும் கருவி), தான் இருக்கும் இடத்தையும் செயற்கைக்கோள் காட்டும் இடத்தையும் ஒப்பிட்டுப் பிழையைக் கண்டறிகிறது. பத்து இருபது கி.மீ.க்குள் ஓடும் டிராக்டரையும் பெரும்பாலும் அதே பிழையே பாதிப்பதால், வானொலி அலை வழியாகவோ கைப்பேசி இணையம் வழியாகவோ அனுப்பப்படும் அந்தத் திருத்தத்தை டிராக்டரிலுள்ள கருவி கழித்துக்கொள்கிறது. சமிக்ஞையைச் சுமந்துவரும், சுமார் 19 செ.மீ. நீளமுள்ள அலையையே அளவுகோலாகக் கொள்ளும் ஆர்.டி.கே. முறையில் பிழை இரண்டு மூன்று செ.மீ. அளவுக்குக் குறைகிறது. மலையடிவாரப் பாறையிலும் மரக்கூட்டத்திலும் பட்டுத் திரும்பும் சமிக்ஞையால் டிராக்டருக்கு மட்டும் நேரும் பிழையைத் தொலைவிலுள்ள அந்த ஏற்பி அறியாது. எனவே அதைத் திருத்தவும் இயலாது.

இஸ்ரோவும் இந்திய விமான நிலைய ஆணையமும் விமானங்களுக்காக உருவாக்கி, 2013 டிசம்பரில் சான்று பெற்ற ‘ககன்’ அமைப்பு, செயற்கைக்கோள் வழியாகவே திருத்தத்தை இலவசமாக அனுப்புகிறது. நிலப்பரப்பைத் தோராயமாக அளக்க அது போதும். ஐந்தடிப் பாருக்குப் போதாது. 1802இல் பரங்கிமலை அருகே வில்லியம் லாம்டன் அடிக்கோடு அளந்து தொடங்கிய பெரும் நில அளவைப் பணியின் மரபைத் தொடரும் இந்திய நில அளவைத் துறை, இன்று நாடெங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிலையான ஏற்பிகளை இணைத்து, சென்டிமீட்டர் அளவிலான திருத்தத்தை இணையம் வழியே வழங்குகிறது என்பது போற்றத்தக்க தொடர்ச்சி.

2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் ஒரு விவசாயியின் சராசரி நிலம் 0.75 ஹெக்டேர் மட்டுமே என்பதால், ஆளுக்கொரு ஏற்பி வாங்கச் சொல்வது நடவாத காரியம். வேளாண்மைப் பொறியியல் துறையும் கூட்டுறவு அமைப்புகளும் வாடகைக்கு விடும் டிராக்டர்களிலேயே இந்த வசதியைப் பொருத்தித் தர வேண்டும்.