திண்ணைக்கு மணம், கொசுவுக்கு?

'கொசுவிரட்டிச் செடி' என்று நர்சரியில் சொன்னதை நம்பி வாங்கி, வாசலில் நாலு தொட்டி வைத்துவிட்டு, "ஒண்ணும் கேக்கல சார்" என்கிறார்கள் நண்பர்கள். எப்படிக் கேட்கும்? எலுமிச்சைப்புல்லோ துளசியோ நொச்சியோ, வாசனை எண்ணெய் இலைக்குள்ளேதான் அடைந்து கிடக்கிறது. கசக்கினாலோ சூடு பட்டாலோதான் நன்றாக வெளியே வரும். லாக்கரில் இருக்கிற நகை கழுத்துக்கு அழகு தராது இல்லையா, அது மாதிரி.

வேலியோரத்து நொச்சியை ஒடித்து, நிழலில் காயவைத்து, சாயங்காலம் தணலில் ஒரு பிடி போடுங்கள். புகை பரவுகிற மட்டும் பலன் உண்டு. மூச்சிரைப்புக்காரர்களும் கைக்குழந்தையும் இருக்கிற வீட்டில் இது வேண்டாம். கடையில் விற்கும் சிட்ரோனெல்லா எண்ணெய் சீக்கிரம் ஆவியாகிவிடும். ஒரு மாலை முழுக்கத் தாங்காது. அதை அப்படியே தோலில் தடவினால் எரியும்.

எனக்குப் பிடித்தது வெட்டிவேர்தான். கடலூர்ப் பக்கத்து மணல் நிலத்தில் நன்றாக வருகிற பயிர். மணம் வேரில் இருப்பதால் வெட்டி எடுக்க ஏறக்குறைய ஒரு வருஷம் பொறுக்கணும். அந்த வேரில் தட்டி பின்னித் திண்ணையில் தொங்கவிட்டு, மத்தியானம் தண்ணீர் தெளித்தால் காற்று குளிர்ந்து மணத்தோடு வரும். காய்ந்தால் மணம் அடங்கும், மறுபடி நனைத்தால் எழும். இது வெக்கைக்கு, கொசுவுக்கு இதை நம்ப வேண்டாம்.

டெங்கு கொசு பகலில் கடிக்கும். சாயங்காலப் புகை அதற்கு என்ன செய்யும்? முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். அதனால் வாரம் ஒருமுறையாவது தேங்கிய தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். முதலில் அந்தக் கொசுவிரட்டிச் செடித் தொட்டிகளுக்கு அடியில் இருக்கிற தட்டைப் பாருங்கள்.