எஸ்பிரெஸோவுக்கு முதலில் தண்ணீர்

திருவொற்றியூரிலோ எண்ணூரிலோ எஸ்பிரெஸோ மெஷின் வாங்கியவர்கள் காபிக்கொட்டையைத் தேடும் முன் வீட்டுத் தண்ணீரைப் பார்க்க வேண்டும். கடலோர போர் தண்ணியில் உப்பும் சுண்ணாம்பும் அதிகம். சுண்ணாம்பு பாய்லரில் படிந்து குழாயை அடைக்கும். உப்பு எவர்சில்வரையே அரிக்கும். கொதிக்க வைத்து வடிகட்டினாலும் உப்பு போகாது. மீஞ்சூர் அருகே காட்டுப்பள்ளியில் 2010இல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை தொடங்கியது, நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறன். அத்தகைய நல்ல தண்ணீர் குழாயில் வந்தாலும், சம்ப்பில் போர் தண்ணியோடு கலந்துவிட்டால் என்ன பயன்? கேன் தண்ணியோ ஆர்.ஓ. தண்ணியோ ஊற்றுங்கள். தண்ணீரில் கரைந்த உப்புகளை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் 75 முதல் 150 வரை காட்டினால் நல்லது. 20க்குக் கீழே போனால் காபி சப்பென்றிருக்கும். அப்போது சில மெஷின்களின் சென்சாருக்கு பாய்லரில் தண்ணீர் இருப்பதே தெரியாது.

சிக்கரி கலந்த பில்டர் காபித் தூள் இதற்கு ஆகாது. தண்ணீரில் நைந்து சல்லடையை அடைத்துவிடும். சிக்கரி இல்லாத கொட்டையை வாங்கி, போடும்போது மட்டும் அரையுங்கள். இந்தக் கடற்காற்றில் தூள் சீக்கிரம் ஈரம் இழுக்கும்.

தூள் போடும் கைப்பிடியை மாட்டியபடியே மெஷினை கால் மணி நேரம் சூடாக விடுங்கள். 18 கிராம் தூளைச் சமமாகப் பரப்பி, கோணாமல் அழுத்துங்கள். கோணினால் தண்ணீர் தாழ்ந்த பக்கமாகவே ஓடிவிடும். கப்புக்கு அடியில் சின்ன தராசு வைத்து பட்டனை அழுத்தினால், 25 முதல் 30 விநாடிக்குள் 36 கிராம் இறங்க வேண்டும். 15 விநாடியில் கொட்டிப் புளித்தால் இன்னும் நைஸாக அரையுங்கள். 40 விநாடி சொட்டிக் கசந்தால் கொஞ்சம் கொரகொரப்பாக. அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் 15 பார் அழுத்தத்தை நம்பி மயங்க வேண்டாம், வேலைக்கு 9 பார் போதும்.

கல்யாண மண்டபத்தில் உஸ்ஸென்று சீறும் 'எஸ்பிரெஸோ' பெரும்பாலும் இன்ஸ்டன்ட் தூளும் ஆவியில் நுரைத்த பாலும்தான். அந்த நுரைக்காக மட்டும் என்றால் இத்தனை பாடு தேவையில்லை.

பால் சேர்ப்பதானால், குளிர்ந்த பாலில் ஆவிக்குழாயின் நுனியை லேசாக முக்கி நுரைக்க விடுங்கள். ஜாடியில் உள்ளங்கை வைக்க முடியாத சூடு வந்ததும் நிறுத்திவிடலாம். குழாயை ஈரத்துணியால் உடனே துடைத்து, ஒருமுறை ஆவியைத் திறந்து விட வேண்டும். காய்ந்த பால் நுனியை அடைத்துக்கொள்ளும்.

படிந்த சுண்ணாம்பைக் கரைக்க, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, கையேடு அனுமதித்தால், லிட்டருக்கு 20 கிராம் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) கரைத்து டேங்கில் ஊற்றி, பாதியை ஓட்டிக் கால் மணி நேரம் ஊற விட்டு, மீதியையும் ஓட்டுங்கள். பிறகு இரண்டு டேங்க் நல்ல தண்ணீர். இங்கேயும் போர் தண்ணி வேண்டாம்.