கணினியின் மின் வழங்கி



பொத்தானை அழுத்தியும் மேசைக் கணினி இயங்கவில்லையாயின், அது முற்றாகப் பாழாயிற்றென எண்ணுதல் வேண்டா. முதலிற் சுவர்ச் செருகியையும், பெட்டியின் பின்புறத்து ஆளியையும் நோக்குக. அவை செம்மையாயிருப்பின், பழுதுற்றது மின் வழங்கியாயிருத்தல் கூடும்.

வீட்டுக்கு வரும் 230 வோல்ற்று ஆடலோட்டத்தை 12, 5, 3.3 வோல்ற்று நேரோட்டமாக மாற்றுவதே இதன் தொழில். 1995ஆம் ஆண்டில் இன்ரெல் நிறுவனம் வகுத்த ஏ.ரி.எக்ஸ். முறைப்படி அமைந்த கணினிகளில், பொதுவாக நான்கு திருகாணிகளைக் கழற்றி இதனை மாற்றிவிடலாம். புதியதன் வாற்று அளவு பழையதிற் குறையாதிருத்தல் வேண்டும்.

ஆயினும் இரண்டு எச்சரிக்கைகள் உள. மின்செருகியைக் கழற்றிய பின்னரே வேலையைத் தொடங்குக. மின் வழங்கியின் கூட்டை மட்டும் ஒருபோதும் திறவாதீர். அதனுள்ளிருக்கும் கொள்ளளவிகளில், மின்சாரத்தைத் துண்டித்த பின்னரும் 300 வோல்ற்றுக்கு மேற்பட்ட அழுத்தம் எஞ்சியிருக்கக்கூடும். அஃது உயிரையும் போக்கும்.

இரண்டாவது, பழைய மின் வழங்கியிலிருந்து கழற்றிய வடங்களைப் புதியதிற் பூட்டலாகாது. முனைகள் ஒன்றுபோலத் தோன்றினும், உள்ளிணைப்பொழுங்கு வேறுபடலாம். அவ்வாறாயின் வன்தட்டு எரிந்து, அதிற் சேமித்த குடும்பப் படங்களும் பிள்ளைகளின் பாடக் குறிப்புகளும் நொடிப்பொழுதில் அழிந்துபோதல் கூடும். ஆதலால், புதியதுடன் வந்த வடங்களையே பயன்படுத்துவீர்களாக.